தழும்பு மாடு தேருக்கு ஆகாது

ஜோடியாகப் பழக்கிய மாடுகளில் ஒன்று வலப்பக்கம்தான் நடக்கும், மற்றது இடப்பக்கம்தான். மாற்றிக் கட்டினால் இரண்டும் திகைத்து நின்றுவிடும். நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிய வந்தது. அதற்கு முன் நான் மாட்டைத் தொட்டதுகூட இல்லை. தட்டுக் கழுவியிருக்கிறேன், லோரியில் கோழிக்கூண்டு ஏற்றியிருக்கிறேன், ஜோகூரில் கூரைத் தகரம் அடித்திருக்கிறேன், கேமரன் மலையில் முட்டைக்கோஸ் வெட்டியிருக்கிறேன். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்குக் கிடைக்கிற வேலைகளையெல்லாம் செய்து, எதிலும் நிலைக்காமல், கடைசியில் ஜார்ஜ்டவுனில் ஒரு ஹோட்டல் சமையலறைக்கு வந்து சேர்ந்திருந்தேன். கொரோனா வந்தது. ஹோட்டலை மூடினார்கள். நான் படுத்திருந்த அறையும் ஹோட்டலுடையதுதான்.

பாலிக் புலாவ் பக்கம் மாட்டுக்குப் புல் அறுக்க ஆள் தேடுகிறார்கள் என்று பாசார் சந்தையில் காய்கறி இறக்குகிற ஒருவர் சொன்னார். போனேன். டுரியான் தோட்டம் ஒன்றின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. பால் மாடுகள் சில நின்றன. அவற்றுக்கு அப்பால், சிமெண்ட் பூசிச் சுத்தமாகக் கழுவி விட்டிருந்த தரையில், இரண்டு வெள்ளைக் காளைகள் தனியாக நின்றன.

"எத்தன மாசம் இருப்ப?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"தெரியலண்ணே."

"நல்லது. ரொம்ப நாள் இருப்பேன்னு சொன்னவனுங்க எல்லாம் ஒரு வாரத்துல ஓடிட்டானுங்க."

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "சாப்பிட்டானான்னு முதல்ல கேளுங்கலா. இன்டர்வியூவ அப்புறம் வைக்கலாம்."

அன்றிலிருந்து அவர்கள் எனக்கு அண்ணனும் அக்காவும். அண்ணன் நகரில் தெருக் கூட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் பூதக்கண்ணாடியை வைத்துச் சின்னச் சின்னப் பாகங்களைச் சரிபார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். பிள்ளைகள் இல்லை. பாலை நகரத்தில் சில வீடுகளுக்கும் கோயில்களுக்கும் கொடுத்தார்கள். பால் மாடுகள் பிழைப்புக்கு. வெள்ளைக் காளைகள் வேறு கணக்கு.

தைப்பூசத்துக்கு முதல் நாள் முருகனின் தேர் நகரத்திலிருந்து தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும். வழி நெடுக ஆட்கள் தேங்காயைக் குவித்து வைத்து உடைப்பார்கள். தேர் நகர்ந்ததும் அந்தச் சிரட்டைகளையும் சில்லுகளையும் வாரி அள்ளுவது அண்ணனின் குழுவுடைய வேலை. வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் தேரின் முதுகைத்தான் பார்த்திருக்கிறார். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முன்னால் ஓட வேண்டும். விளக்குமாற்றைப் போட்டுவிட்டு யார் ஓடுவது?

"இத்தன வருஷம் பின்னாடியே கூட்டிக்கிட்டுப் போனேன். ஒரே ஒரு தடவ முன்னாடி மாட்டக் கயித்துல புடிச்சிக்கிட்டு நடக்கணும். அவ்வளவுதான்," என்பார்.

அதற்காகத்தான் வேலையை விட்டதும் இரண்டு வெள்ளைக் கன்றுகளை வாங்கினார். தேரில் மாடுகளை மாற்றி மாற்றிப் பூட்டுவார்கள். அந்த மாடுகளைக் கவனிக்கிற ஒருவரிடம் பேசியும் வைத்திருந்தார். "மாடு நல்லா இருந்தா கொண்டாங்க, பாக்கலாம்," என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். வழியில் நின்று பேசிய பேச்சு. சொன்னவருக்கு அது மறந்துகூடப் போயிருக்கும். அண்ணன் அந்தச் சொல்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் மாதிரி நடந்தார். மாடு நல்லா இருக்க வேண்டும்.

கன்றுகள் காளைகளாக வளர்ந்த நேரத்தில் உலகம் மூடிக்கொண்டது. தைப்பூசம் வந்தது, ஊர்வலம் இல்லை. அண்ணன் அசரவில்லை. "தேர் எங்கயும் ஓடிப் போயிடாது. இவனுங்க இன்னும் கொஞ்சம் பழகட்டும்," என்றார். பழைய மாட்டுவண்டி ஒன்றில் மணல் மூட்டைகளை ஏற்றி, இரண்டையும் பூட்டி, தோட்டத்துப் பாதையில் காலையும் மாலையும் நடத்துவோம். நான் முன்னால் போக வேண்டும், அவர் பக்கத்தில் வருவார். எதிரே ஆள் வந்தால், மோட்டார் வந்தால், குடை விரித்தால் மிரளக் கூடாது. குடை விரிப்பது அக்காவின் வேலை. பாதையின் வளைவில் மறைந்து நின்று திடீரென்று விரிப்பார். மாடுகள் மிரண்டதில்லை. முதல் நாள் நான்தான் மிரண்டேன்.

"மாடு பழகிடுச்சி. இவனத்தான் இன்னும் பழக்கணும்," என்று அக்கா சிரித்தார்.

வலத்து மாடு அழகன். கொம்பு இரண்டும் ஒரே வளைவு, உடம்பில் ஒரு கறை கிடையாது, வால் நுனி மட்டும் மை தொட்டது போல் கறுப்பு. தன் அழகு அதற்குத் தெரியும். கழுவி விடாமல் தீனி வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இடத்து மாடு அப்படியில்லை. உப்புக்கு அலையும். என் வேர்வைச் சட்டையை நக்கியே கிழித்தது. அக்கா காயப்போட்ட துணியை இழுத்துப் போட்டு மிதிக்கும். திட்டினால் அருகில் வந்து நிற்கும். அண்ணன் வலத்து மாட்டை முதலில் தேய்ப்பார். அக்கா இடத்து மாட்டுக்குத்தான் முதலில் தவிடு வைப்பார். அந்த வீட்டில் பிள்ளைகள் இருந்திருந்தாலும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் இடத்து மாடு உப்பைக்கூடத் தொடவில்லை. கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தது. தொட்டால் உடம்பு கொதித்தது. அடுத்தடுத்த நாள்களில் கழுத்திலிருந்து தொடை வரை கட்டிகள் எழும்பின. தோலுக்கு அடியில் யாரோ கோலிக்குண்டுகளைப் பதித்துவிட்டது போல் இருந்தது.

அக்கா பார்த்த உடனே செருப்பைக் கழற்றினார். "அம்மா வந்திருக்கா."

"மனுஷனுக்கு வர்றது அம்மா. மாட்டுக்கு ஏதுலா அம்மா?" என்றார் அண்ணன்.

"அவளுக்கு நீங்கதான் ரூட் போட்டுத் தருவீங்களோ?"

கோயில் மரத்திலிருந்து வேப்பிலை கொண்டுவந்து கொட்டகை வாசலில் கட்டினார். வீட்டில் தாளிப்பது நின்றது, மீன் நின்றது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து மாட்டின் மேல் பூசினார். வலத்து மாட்டை அண்ணன் தோட்டத்தின் அந்தக் கோடியில், ஒரு ரம்புத்தான் மரத்தடியில் கட்டி, சுற்றிலும் புகை போட்டு வைத்தார். ஈ மொய்க்கக் கூடாது, கொசு கடிக்கக் கூடாது. அவர் அங்கே, அக்கா இங்கே. நடுவில் நான் தண்ணீர் வாளியோடு. ஒன்றைத் தொட்டுவிட்டு மற்றதிடம் போகக் கூடாது என்பதால் குளித்துக் குளித்து எனக்குச் சளி பிடித்தது.

"இது மனுஷனுக்கு ஒட்டுமாண்ணே?"

"உனக்கு எதுவும் ஒட்டாது. நீதான் எங்கயும் ஒட்டாத ஆளாச்சே."

கால்நடை இலாகாவிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார், தமிழ்ப் பெண். இது தோல் கழலை நோய், ஒரு வைரஸ், ஈயும் கொசுவும் கடித்துப் பரப்புகின்றன, நாடு முழுக்க வந்திருக்கிறது, வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, புண்ணில் வேறு கிருமி சேராமல் பார்க்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். வேப்பிலையைத் தொடாமல் ஓரமாகக் குனிந்து உள்ளே போனார். ஊசி போடும்போது அக்கா மட்டும் முணுமுணுத்தார், அம்மா இருக்கிற உடம்பில் ஊசி குத்தலாமா என்று. "அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன் ஆன்ட்டி," என்றார் அந்தப் பெண். அக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது.

மாடு படுத்தே கிடந்தது. கால் வீங்கியது. கட்டிகள் பழுத்து, வில்லை வில்லையாகத் தோல் கழன்று விழுந்தது. அந்தக் குழிகளில் ஈ உட்காராமல் அக்கா விசிறியபடி உட்கார்ந்திருப்பார். கஞ்சியை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார். ஒரு மத்தியானம் நான் வாளியை வைக்கக் குனிந்தபோது என் சட்டையின் ஓரம் ஈரமாக இழுபட்டது. திரும்பிப் பார்த்தேன். நக்கிக்கொண்டிருந்தது. அக்கா விசிறியைக் கீழே வைத்துவிட்டு அழுதார். பிழைத்துவிட்டது.

பிழைத்ததோடு சரி. வெள்ளைத் தோல் முழுக்க, பெரிய காசு அளவில், சாம்பல் நிறக் குழிகள். முடி முளைக்காத வட்டங்கள். கழுத்தில் நிறைய, திமிலில் சில, முகத்தில் கண்ணுக்குக் கீழே ஒன்று. அண்ணன் வந்து பார்த்தார். தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பது போல் தடவினார். அதன் பிறகு அதை அவர் ஜோடியில் பூட்டவில்லை.

"தழும்பு இருக்கிற மாடு தேருக்கு ஆகாது," என்றார்.

"யார் சொன்னா?" என்றார் அக்கா.

"இத யாராவது சொல்லணுமா? சாமிக்கு வைக்கிற பழத்துலயே கறுப்புப் புள்ளி இருந்தா எடுத்து வச்சிடுறோம்."

"போய் ஒரு வார்த்த கேட்டுட்டு வாங்களேன்."

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"தேரன்னிக்கு மாட்டு முதுகுல பட்டு போடுவாங்க. கீழ என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"முருகனுக்குத் தெரியும்லா."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. அக்கா இரண்டு பட்டுத் துணிகளை ஏற்கனவே தைத்து வைத்திருந்தார். மஞ்சள் பட்டு, ஓரத்தில் சிவப்பு, மயில் ஒட்டியது. அலமாரியில் மடித்தபடி கிடந்தன.

நோய் கொஞ்சம் அடங்கிய பிறகு அதிகாரி மறுபடியும் வந்தார். இப்போது தடுப்பூசி வந்திருந்தது. பால் மாடுகளுக்கெல்லாம் போட்டார். இடத்து மாட்டிடம் வந்ததும் தழும்புகளைத் தடவிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்.

"இதுக்கு வேணாம் அங்கிள். வந்து போனதே இதுக்கு ஊசி மாதிரி. இனிமே பக்கத்துல எத்தன மாட்டுக்கு வந்தாலும் இதுக்கு வராது. ரொம்ப வருஷம் நிக்கும். சாகுற வரைக்கும்கூட நிக்கலாம்."

"அவ்வளவு கெட்டியா?" என்றார் அக்கா.

"கஷ்டப்பட்டு சம்பாதிச்சது ஆன்ட்டி. சும்மா போகாது." பிறகு வலத்து மாட்டைப் பார்த்தார். "இவனுக்குத்தான் முக்கியமா போடணும். இவன் உடம்புக்கு இன்னும் ஒண்ணுமே தெரியாது."

அண்ணன் நடுவில் வந்து நின்றார். "ஊசி போட்டா என்ன ஆவும்?"

"சிலதுக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். போட்ட இடத்துல வீங்கும். ஒண்ணு ரெண்டுக்கு சின்னச் சின்னக் கட்டி வரலாம். தானாப் போயிடும்."

"தழும்பு நிக்குமா?"

"நிக்காது அங்கிள். அனேகமா நிக்காது."

அந்தப் பெண் நேர்மையானவர். அதனால்தான் 'அனேகமா' என்று சொன்னார். அண்ணன் காதில் அந்த ஒரு சொல் மட்டும் விழுந்தது. அந்த வருடம் தேர் மறுபடி பழையபடி ஓடப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. தைப்பூசத்துக்குச் சில மாதங்களே இருந்தன.

"தைப்பூசம் முடியட்டும் மிஸ். மறுநாளே போட்டுக்கங்க. நானே போன் போட்டுக் கூப்பிடுறேன்."

அவர் எடுத்துச் சொன்னார். அக்கா சொன்னார். நானும் சொன்னேன், "போட்டுடலாம்ணே," என்று. "நீ உன் கொரோனா ஊசி ரெண்டாவது டோஸ் போட்டியாலா?" என்று கேட்டார். நான் போடவில்லைதான். அதிகாரி மருந்துப் பெட்டியை மூடிவிட்டுப் போனார். போகும்போது வலத்து மாட்டின் நெற்றியைச் சொறிந்தார். அதுவும் கண்ணை மூடிக் காட்டியது. எல்லோருக்கும் காட்டும்.

இப்போது அண்ணனுக்கு இடப்பக்கத்துக்கு ஒரு மாடு வேண்டும். கெப்பாலா பத்தாஸ் பக்கம் அவருக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் மாடு வைத்திருந்தார். இடப்பக்கம் பழகிய வெள்ளை மாடு ஒன்று அவரிடம் இருந்தது. தைப்பூசம் வரை இரவல் கேட்டார், கொடுத்தார்கள். லோரியில் கடல் பாலத்தைக் கடந்து வந்தது. அண்ணன் அதைச் சுற்றிச் சுற்றி வந்து, காதுக்குப் பின்னால், வாலுக்கு அடியில் என்று ஓர் இடம் விடாமல் பார்த்தார். கறையே இல்லை. புதியதையும் வலத்து மாட்டையும் பூட்டி அன்று மாலையே நடத்தினோம். கொட்டகையில் கட்டிக் கிடந்த இடத்து மாடு, வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று கயிற்றை இழுத்துக் கத்தியது. அக்கா குடையை விரிக்க வரவில்லை.

புதிய மாட்டுக்குச் சில நாள்களிலேயே மூக்கு ஒழுகியது. லோரிப் பயணக் களைப்பு என்று அண்ணன் சொன்னார். பிறகு அதன் கழுத்தில் ஒரு கட்டி. நாங்கள் மூவரும் அதைப் பார்த்தோம். அண்ணன் உடனே வலத்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு ரம்புத்தான் மரத்தை நோக்கி நடந்தார், ஓட்டமும் நடையுமாக. புகை போட்டார். முன்னைவிடப் பெரிய புகை. ஆனால் இரண்டும் ஒரே வண்டியில் தோளோடு தோள் உரசி நடந்து முடிந்திருந்தது. ஒரே ஈக்கள் இரண்டின் மேலும் உட்கார்ந்து எழுந்திருந்தன.

இந்த நோயில் பெரும்பாலான மாடுகள் சாவதில்லை என்று அதிகாரி சொல்லியிருந்தார். அது உண்மை. இரவல் மாடு தழும்போடு பிழைத்துத் திரும்பிப் போனது. பால் மாடுகளுக்கு ஊசி போட்டிருந்ததால் ஒன்றும் ஆகவில்லை. வலத்து மாடு மட்டும் அந்தப் பெரும்பாலானவற்றில் சேரவில்லை. கட்டிகள் அதற்கு வெளியே மட்டும் வரவில்லை. வாய்க்குள், மூக்குக்குள், தொண்டையில் என்று உள்ளே இறங்கின. தண்ணீரைக் குடித்தால் மூக்கு வழியாக வந்தது. கழுவாமல் தீனி தொடாத மாடு, கழுவக் கிட்டே போனால் வலியில் உதறியது. அதிகாரி தினமும் வந்தார். அவருடைய கடமைக்கு மேலேயே வந்தார். ஒரு தடவைகூட 'அன்றைக்கே சொன்னேனே' என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணனுக்குக் கோபப்படவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

எங்களால் அதைத் தூக்கி நிறுத்த முடியாதபோது கொட்டகைக்கே கொண்டுவந்து, பழைய இடத்தில், இடத்து மாட்டுக்குப் பக்கத்தில் படுக்க வைத்தோம். ஒதுக்கி வைத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. இடத்து மாடு அதன் முகத்தை நக்கியது. சீழை நக்கியது, ஒழுகிய மூக்கை நக்கியது, கட்டிகளின் மேல் நாக்கைப் போட்டுத் தேய்த்தது. எனக்குப் பயமாக இருந்தது.

"புடிச்சிக் கட்டட்டுமாக்கா?"

"விடு. அவனுக்கு ஒண்ணும் ஆகாது. அவன் மட்டும்தான் இவன்கிட்டப் போகலாம்."

ஈக்கள் ஒன்றிலிருந்து எழுந்து மற்றதன் மேல் உட்கார்ந்தன. இடத்து மாட்டுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அந்தப் பெண் சொன்னது சொன்னபடியே நடந்தது. அந்தக் குழி விழுந்த அசிங்கமான தோலுக்குள் என்ன இருந்ததோ, அது எதையும் உள்ளே விடவில்லை. அண்ணன் தூணில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பார்த்தது சாகிற மாட்டை அல்ல. சாகாத மாட்டைத்தான்.

மத்தியான வெயிலில், தகரக் கூரை படபடக்கிற நேரத்தில், அது செத்துப்போனது. கழுத்தை நீட்டி ஒரு மூச்சு விட்டது. அடுத்த மூச்சு வரும் என்று காத்திருந்தோம்.

பக்கத்துத் தோட்டத்து மலாய்க்காரர் தன்னுடைய சிறிய மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டி வந்து ஆழமாகக் குழி தோண்டிக் கொடுத்தார். சுண்ணாம்பு போட வேண்டும் என்று அதிகாரி சொல்லியிருந்தார், போட்டோம். வேலை முடிந்ததும் அந்த மலாய்க்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "சாயாங் லா," என்றார். ஐயோ பாவம் என்று சொல்வது போல. மண்ணைத் தள்ளும் முன் அக்கா வீட்டுக்குள் போய் ஒரு பட்டுத் துணியை எடுத்து வந்தார். குழிக்குள் இறங்க அவரால் முடியவில்லை. நான் இறங்கி விரித்தேன். கட்டிகள் எல்லாம் மறைந்துவிட்டன. கறுப்பு வால் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. பழைய அழகனாகவே இருந்தது.

தைப்பூசம் வந்தது. தேர் போகும் நாளில் நாங்கள் போகவேண்டாம் என்று நினைத்திருந்தேன். அக்காதான் கிளப்பினார். "சாமி மேல என்ன கோவம்? தேங்கா வாங்கிட்டேன், உடைச்சிட்டு வந்திடலாம்." பஸ் ஏறி நகரத்துக்குப் போனோம். எத்தனையோ காலத்துக்குப் பிறகு கூட்டம். தண்ணீர்ப் பந்தல்களில் பாட்டு, மோர், குழந்தைகள் தோள்களில். மக்கள் நெருக்கியடித்து நின்றார்கள், ஒருவரை ஒருவர் தொட்டுக்கொண்டு நிற்பதே சந்தோஷம் போல. தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் விளக்குமாறோடு நின்ற ஆள்கள் அண்ணனைக் கண்டுகொண்டார்கள்.

"அண்ணே! ரெண்டு மாடு கொண்டுட்டு வர்றேன்னீங்க? எங்க?"

"அடுத்த வருஷம்லா," என்றார் அண்ணன். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தேர் வந்தது. கூட்டத்தில் எனக்கு முதலில் தேர் தெரியவில்லை, கொம்புகள்தான் தெரிந்தன. பித்தளைக் குப்பி போட்ட கொம்புகள், கழுத்தில் மணி, முதுகில் தொங்கும் பட்டு. அண்ணன் முன் வரிசையில் இருந்தார். அவர் சாமியைப் பார்க்கவில்லை. மாடுகள் கிட்டே வரவர அவற்றையே பார்த்தார். தேர் எங்களுக்கு நேராக நின்றது. தேங்காய்கள் சிதறின. எங்கள் பக்கம் நின்ற மாடு, தெறித்த தண்ணீருக்கு உடம்பைச் சிலிர்த்தது. பட்டு சரிந்தது. மாட்டைப் பிடித்திருந்தவர் சாவகாசமாக அதை இழுத்துச் சரிசெய்தார்.

அதற்குள் பார்த்துவிட்டோம். விலாவில், தொடைக்கு மேலே, முடி முளைக்காத வட்டங்கள். சாம்பல் நிறக் குழிகள். பெரிய காசு அளவில். அவை எதிலிருந்து வந்தவை என்று அந்தக் கூட்டத்தில் எங்கள் மூவருக்கும் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

தேர் நகர்ந்தது. அந்த மாடு நிதானமாக, தலையை ஆட்டிக்கொண்டு, முருகனை இழுத்துக்கொண்டு போனது. யாரும் அதன் தோலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பெண்கள் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"அதுக்கும் வந்திருக்கு," என்றார் அண்ணன்.

அக்காவின் கையில் தேங்காய் அப்படியே இருந்தது. 'அன்றைக்கே கேட்டுவிட்டு வரச் சொன்னேன்' என்று அவர் சொல்வார் என்று நான் எதிர்பார்த்துப் பயந்தேன். அவர் அண்ணனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் தேருக்குப் பின்னால் போய்விட்டது. விளக்குமாற்றுக்காரர்கள் இறங்கினார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் சிதறிக் கிடந்த சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, கால் பட்ட இடத்தில் கிடந்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓரமாக வைக்க ஆரம்பித்தார். "நீங்க விடுங்கண்ணே, நாங்க பாத்துக்கிறோம்," என்று ஒருவர் சொன்னார். அவர் காதில் வாங்கவில்லை. ரத்தம் வருகிற அளவுக்கு ஒரு சில்லு அவர் விரலைக் கிழித்த பிறகுதான் நிறுத்தினார்.

திரும்பி வந்ததும் அக்கா மிச்சமிருந்த பட்டை எடுத்து வந்து இடத்து மாட்டின் மேல் போட்டார். அது தலையைத் திருப்பி அதன் ஓரத்தை வாயால் இழுத்து, கீழே போட்டு, மிதித்தது. வழக்கம் போலத்தான். முன்பானால் அக்கா திட்டியிருப்பார். அன்று அதை அதன் காலடியிலேயே விட்டுவிட்டார்.

அடுத்த நாள் அண்ணன் அதை நடத்த அவிழ்த்தார். வண்டி இல்லை, வெறும் கயிறுதான். தோட்டத்துப் பாதை அகலமானது. மாடு அதன் இடது ஓரத்தோடு ஓரமாகவே நடந்தது. வலப்பக்கத்தில் இன்னொரு மாடு நடக்க வேண்டிய அகலத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தது. அண்ணன் கயிற்றை மெல்ல இழுத்து நடுவுக்குக் கொண்டுவந்தார். இரண்டடி வந்தது, மறுபடி ஓரத்துக்குப் போய்விட்டது. அவர் இழுப்பதை விட்டுவிட்டார். அந்தக் காலியான பக்கத்தில் அவரே போய் நடந்தார்.

மழைக்காலம் தொடங்கும் முன்பு நான் கிளம்பினேன். சண்டை ஒன்றும் இல்லை. எனக்கு அப்படித்தான், ஓர் இடத்தில் இருந்தால் கால் அரிக்கும். சித்தியவானில் ஒரு மீன் பண்ணையில் வேலை கிடைத்தது. புறப்படும்போது அக்கா சோறு கட்டிக் கொடுத்தார். அண்ணன் கொட்டகையிலிருந்து வெளியே வரவில்லை. நான்தான் உள்ளே போனேன். "போ. நல்லாயிரு. அந்த ரெண்டாவது ஊசியப் போட்டுக்க," என்றார், மாட்டைத் தேய்த்துக்கொண்டே.

போட்டுக்கொண்டேன். அன்று கை வலித்தது, காய்ச்சல் அடித்தது. பண்ணையில் என் பலகைப் படுக்கையில் கிடந்து கூரையைப் பார்த்தபடி அழுதேன். எதற்கென்று என் பக்கத்துப் படுக்கைக்காரருக்கு நான் சொல்லவில்லை. ஊசி வலிக்கு அழுகிற ஆளா என்று அவர் சிரித்தார்.

அக்கா எப்போதாவது போன் செய்வார். மறுபடியும் அந்தப் பக்கம் நோய் வந்து போயிருக்கிறது. அதிகாரி வந்து ஊசி போட்டபோது இடத்து மாட்டை மட்டும் விட்டுவிட்டுப் போனாராம்.

"எப்படிக்கா இருக்கான்?" என்று கேட்பேன்.

"இருக்கான்லா. அவனுக்கு என்ன? எதுவும் கிட்ட வராது," என்பார். பிறகு சொல்வார், "கொட்டகையில இடது ஓரமாத்தான் படுக்கிறான், இன்னும்."